உடைத்த சில்லறை

ஐம்பது ரூபாய் மீதி தர வேண்டியிருந்தால், தொழில் தெரிந்த சப்ளையர் அதை ஒற்றை ஐம்பது ரூபாய்த் தாளாகக் கொண்டுவந்து வைக்க மாட்டார். நாலு பத்து, ஒரு அஞ்சு, அப்புறம் அஞ்சு ஒத்த ரூபாய்க் காசு. அப்படித்தான் வைப்பார். இதை எனக்குச் சொன்னவர் என் சித்தப்பா. திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சைவ ஓட்டலில் 1978-ல் சேர்ந்து, கொரோனாவில் கடை மூடிய அன்று வரை சப்ளையராக இருந்தவர்.

"முழுசாக் கொண்டு வச்சா முழுசா எடுத்துப் பையில போட்டுட்டுப் போயிடுவான்டா. உடைச்சு வைக்கணும். தாளை எடுப்பான், காசை எடுக்கக் கூச்சப்படுவான்."

எனக்குத் தெரிந்து டிப்ஸ் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் பேசியதில்லை.

கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கும் சித்தப்பாவுக்கும் இதில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. பில்லோடு பணத்தை நீட்டும்போது "அண்ணே, உடைச்சுக் குடுங்க" என்பார். கல்லாக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல் உடைத்துக் கொடுப்பார். அது எவர்சில்வர் தட்டில் சோம்பு, கல்கண்டோடு சேர்ந்து மேசைக்குப் போகும். சாப்பிட்டவர் தாள்களை எடுத்துக்கொள்வார், ஒரு சிட்டிகை சோம்பை வாயில் போடுவார், காசு தட்டிலேயே கிடக்கும். இரவு கடை கட்டிய பிறகு சித்தப்பா சட்டைப் பையைக் கவிழ்த்து எண்ணி, கல்லாவில் கொடுத்துத் தாளாக மாற்றிக்கொள்வார். மறுநாள் காலை வியாபாரத்துக்குக் கல்லாவுக்குச் சில்லறை வேண்டுமே! ஆக, காலையில் கல்லாவை விட்டுக் கிளம்பிய அதே காசு சோம்புத் தட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, சித்தப்பா பையில் நாள் முழுக்கக் குலுங்கி, ராத்திரி மறுபடி கல்லாவுக்கே வந்து படுத்துக்கொள்ளும்.

மாற்றாமல் விட்ட நாலணா, எட்டணாக்கள் மட்டும் வாரம் ஒருமுறை லால்குடிக்கு அவரோடு வீட்டுக்கு வரும். சித்தி அவற்றை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். திறந்தால் சோம்பு வாசம் வரும். 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு நாலணா செல்லாது என்று ஆனபோது அந்தப் பாட்டிலில் ஒரு கால் பாகம் மிச்சம் இருந்தது. வங்கிக்குக் கொண்டுபோக சித்தப்பாவுக்கு மனசு வரவில்லை. அது இன்னும் அலமாரியில் இருக்கிறது.

ஓட்டலுக்குள்ளே டிப்ஸுக்கு என்று எழுதாத சட்டங்கள் பல உண்டு. மேசை துடைக்கிற பையனுக்குப் பங்கு தர வேண்டும், பத்துக்கு ஒன்று. அவன் மேசையைச் சீக்கிரம் துடைத்தால்தான் அடுத்த ஆள் உட்காருவார், அடுத்த தட்டு வரும். பங்கு தராத சப்ளையரின் மேசையில் எச்சில் இலை கொஞ்ச நேரம் கூடுதலாகக் கிடக்கும். யாரும் எதுவும் சொல்ல முடியாது. ஏசி ஹால் யாருக்கு, சாதா ஹால் யாருக்கு என்பதில் சூபர்வைசரின் தயவு வேண்டும். ஏசி ஹாலில் விலையும் கூடுதல், வைக்கிற கையும் கொஞ்சம் தாராளம். சூபர்வைசருக்குப் பிடிக்காதவர் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசைகளில் நிற்க வேண்டும். சித்தப்பா அங்கே இரண்டு வருஷம் நின்றிருக்கிறார். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

யார் வைப்பார், யார் வைக்க மாட்டார் என்று ஆளைப் பார்த்ததும் தெரியுமா என்று ஒருமுறை கேட்டேன். தெரியவே தெரியாது என்றார். தங்கச் சங்கிலி போட்டவர் ஒத்த ரூபாயையும் எண்ணி எடுத்துப் போவாராம். மூட்டை தூக்குகிறவர் அஞ்சு ரூபாய் வைப்பாராம். "வாத்தியார் ஒருத்தர் இருபது வருஷம் வந்தாரு. பத்து பைசா வச்சதில்ல. ஆனா என் மக கல்யாணத்துக்கு லால்குடி வரைக்கும் வந்து ஐநூத்தி ஒண்ணு மொய் எழுதிட்டுப் போனாரு. அவருகிட்ட நான் என்ன சொல்ல?" கை கழுவிவிட்டு வந்து, ஈரக் கையோடு காசைத் தட்டில் விசிறிப் போடுகிறவர்களைத்தான் அவருக்குப் பிடிக்காது. எவ்வளவு போட்டாலும்.

இந்தப் பாடமெல்லாம் தெரிந்திருந்தும் நான் அமெரிக்காவில் அசடு வழிந்தேன்.

2012-ல் வேலை நிமித்தமாக டல்லாஸுக்குப் பக்கத்தில் ப்ளேனோவில் எட்டு மாதம் இருந்தேன். போன முதல் வாரம் அலுவலகத்தில் சேர்ந்த புதுசுகள் ஐந்து பேர் இரவுச் சாப்பாட்டுக்குப் போனோம். சாப்பாடு 86 டாலர் 80 சென்ட், வரி 7.16, மொத்தம் 93.96. ஆளுக்கு இருபது டாலர் போட்டு நூறாக வைத்தோம். மீதி ஆறு டாலர் நாலு சென்ட். "அந்தம்மாவே வச்சுக்கட்டும்" என்று பெருந்தன்மையாகச் சொன்னவன் நான்தான். அன்றைய கணக்கில் முந்நூறு ரூபாய்க்கு மேல்! திருச்சியில் அது சித்தப்பாவின் இரண்டு நாள் டிப்ஸ். கார் நிறுத்துமிடம் வரை வந்துவிட்டோம். பரிமாறிய அந்தப் பெண் பின்னாலேயே வந்து, சாப்பாட்டிலோ என் கவனிப்பிலோ ஏதும் குறையா என்று கேட்டார். கோபமே இல்லை, நிஜமாகவே கேட்டார். நாங்கள் "இல்லையே, எல்லாம் பிரமாதம்" என்று ஐந்து பேரும் பல்லைக் காட்டிவிட்டு வண்டியில் ஏறிவிட்டோம்.

மறுநாள் அலுவலகத்தில் பன்னிரண்டு வருஷமாக அங்கேயே இருக்கிற தஞ்சாவூர்க்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். "டாக்ஸை ரெண்டால பெருக்குங்க தம்பி. அதுதான் இங்க கணக்கு. அதுவே கம்மி." டெக்சாஸில் அந்த ஊர் விற்பனை வரி 8.25 சதவீதம். இரண்டால் பெருக்கினால் பதினாறரை. எங்கள் பில்லுக்கு 14 டாலர் 32 சென்ட் ஆகியிருக்கும். நாங்கள் வைத்தது அதில் பாதிகூட இல்லை.

அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. டிப்ஸ் வாங்குகிற தொழிலாளிக்கு முதலாளி தன் கையிலிருந்து தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி, அமெரிக்க மத்தியச் சட்டப்படி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991-ல் வைத்த தொகை, இன்றுவரை அதேதான். மற்றவர்களுக்கான குறைந்தபட்சக் கூலி 2009-லிருந்து 7.25 டாலர். இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை நிரப்புவது சாப்பிட வந்தவன் வைக்கும் காசு. அதுவும் நிரம்பாவிட்டால் முதலாளி போட்டு நிரப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கலிபோர்னியா, வாஷிங்டன், மினசோட்டா மாதிரி சில மாநிலங்களில் இந்தக் குறைந்த கூலிக்கு இடமில்லை; எல்லோருக்கும் ஒரே கூலிதான். டெக்சாஸில் 2.13 தான்.

அங்கே டிப்ஸ் பழக்கம் எப்படி வேர்பிடித்தது என்று பிறகு தேடிப் படித்தேன். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின ஆண்களை, புல்மன் நிறுவனம் தன் ரயில் படுக்கைப் பெட்டிகளில் போர்ட்டர்களாகச் சேர்த்துக்கொண்டது. சம்பளம் சொற்பம், மிச்சத்தைப் பயணிகளிடம் வாங்கிக்கொள் என்று ஏற்பாடு. அந்தப் போர்ட்டர்கள் 1925-ல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் வைத்து, 1937-ல்தான் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட முடிந்தது. இதற்கு நடுவில் வேடிக்கை ஒன்றும் உண்டு. 1909-ல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸையே தடை செய்து சட்டம் போட்டது. இன்னும் சில மாநிலங்களும் பின்னாலேயே போட்டன. 1926-க்குள் அத்தனையும் காணாமல் போய்விட்டன. டிப்ஸ் வாங்குவது சுயமரியாதைக்கு இழுக்கு என்று ஒரு காலத்தில் சட்டம் போட்ட அதே நாட்டில்தான் இன்று இருபது சதவீதம் வைக்காவிட்டால் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் "ம்" கொட்டினார். அவருக்கு அப்போது மாதம் ஆறாயிரத்து ஐநூறு சம்பளம், மூன்று வேளைச் சாப்பாடு, மாடியில் ஏழு பேரோடு பாய் விரிக்க இடம்.

"அப்ப அங்க சாப்பிட வர்றவன்தான் முதலாளியா?" என்றார்.

அப்படித்தான் வருகிறது என்றேன்.

"அதுக்கு இங்கயே தேவலை. முதலாளி ஒருத்தர் திட்டினாப் போதும்."

எனக்கு அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. அந்த ஆறு டாலரை வைத்தபோது நான் கஞ்சத்தனம் எதுவும் பண்ணவில்லை. திருச்சி வழக்கத்தை அப்படியே செய்திருக்கிறேன். நம் ஊரில் டிப்ஸ் என்பது மிச்சம். பில் 88 என்றால் நூறில் பன்னிரண்டு மிச்சம், அதில் பத்தை எடுத்துக்கொண்டு இரண்டை விட்டுவிடுவோம். பில் 95 என்றால் அஞ்சு. நாம் எவ்வளவு வைக்கிறோம் என்பதைச் சாப்பாடும் தீர்மானித்ததில்லை, சப்ளையரின் கவனிப்பும் தீர்மானித்ததில்லை. கல்லாவிலிருந்து என்ன வந்தது என்பதுதான் தீர்மானித்தது. சித்தப்பாவுக்கு இது தெரியும். அதனால்தான் வாடிக்கையாளரிடம் பல்லைக் காட்டுவதைவிட கல்லாக்காரரிடம் நட்பாக இருப்பதில் அவர் அக்கறை காட்டினார்.

சதவீதக் கணக்கு நம்மிடம் பெரிய ஓட்டல் வழியாகத்தான் வந்தது, அதுவும் சர்வீஸ் சார்ஜ் என்ற பெயரில். சென்னையில் ஒரு மாலில் குடும்பத்தோடு சாப்பிட்டுவிட்டு பில்லைப் பார்த்தால் பத்து சதவீதம் போட்டிருந்தார்கள். அதற்கு மேல் ஜிஎஸ்டி. 2022 ஜூலை 4-ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல் எனக்கு ஞாபகம் இருந்தது: ஓட்டல்கள் தாங்களாக சர்வீஸ் சார்ஜைப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயர் சூட்டியும் வாங்கக் கூடாது. எடுக்கச் சொன்னேன். மேனேஜர் வந்தார், அது எங்கள் பாலிசி என்றார். என் மகன் மேசைக்கடியில் காலை மிதித்தான். கடைசியில் எடுத்துக் கொடுத்தார்கள். பரிமாறிய பையனிடம் நூறு ரூபாயைக் கையில் கொடுத்து, "அந்தப் பத்து பெர்சன்ட் உங்களுக்கு வருமாப்பா?" என்று கேட்டேன். அவன் மேனேஜர் நிற்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தான். அவ்வளவுதான்.

உணவகச் சங்கங்கள் அந்த வழிகாட்டுதலை எதிர்த்து தில்லி உயர் நீதிமன்றம் போய், அதே மாதம் தடையும் வாங்கின. 2025 மார்ச் 28-ல் நீதிபதி பிரதிபா எம். சிங் வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்து, மனுதாரர் சங்கங்களுக்கு ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தார். நல்ல தீர்ப்பு என்றுதான் நினைக்கிறேன். கொடுக்கிறவன் விரும்பிக் கொடுக்காததை டிப்ஸ் என்று எப்படிச் சொல்வது? ஆனால் தீர்ப்பு வந்த நாளில் நண்பர்கள் "இனி பத்து பெர்சன்ட் மிச்சம்" என்று வாட்ஸப்பில் கொண்டாடியபோது, அந்தப் பத்தில் ஒன்றையாவது இனிமேல் பரிமாறுகிறவர் கையில் கொடுப்பேன் என்று ஒருவரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

இதில் எனக்குப் பிடித்த தீர்ப்பு வேறொன்று. நட்சத்திர ஓட்டல்களில் வாடிக்கையாளர் கார்டில் போடும் டிப்ஸை ஓட்டல் வாங்கி ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறதே, அது சம்பளமா, அதற்கு ஓட்டல் வருமான வரி பிடிக்க வேண்டுமா என்று ஐடிசி நிறுவனத்தின் வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016 ஏப்ரல் 26-ல் தீர்ப்பு: அது சம்பளம் இல்லை. கொடுத்தது முதலாளி இல்லை, வாடிக்கையாளர். ஓட்டல் அதை ஊழியர்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கிறது, அவ்வளவே. சித்தப்பா நாற்பது வருஷம் சட்டைப் பையில் வைத்திருந்தது யாருடைய பணம் என்பதை அவ்வளவு பெரிய நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

அதே 2016 ஏப்ரலில்தான் யூபிஐயும் வந்தது. அந்த நவம்பரில் ஐநூறும் ஆயிரமும் செல்லாமல் போயின. யூபிஐயை முதலில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2018, 19 வாக்கில் சித்தப்பா ஓட்டல் கல்லாவிலும் க்யூஆர் அட்டை வந்தது. ஒரு தடவை நான் போயிருந்தபோது, சோம்புத் தட்டில் வெறும் சோம்பு மட்டும் இருந்ததைக் காட்டி, "பாத்தியா, சுத்தமா இருக்கு" என்றார். இன்று நாடு முழுக்க ஒரே மாதத்தில் 2,000 கோடி பரிவர்த்தனைக்கு மேல் யூபிஐயில் நடக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் அந்த எண்ணிக்கையைத் தாண்டியது. பில் 286 என்றால் சரியாக 286 போகிறது. கல்லாவில் பெட்டி ஒன்று அதைச் சத்தமாக அறிவிக்கிறது. உடைக்க ஒன்றுமில்லை, மிச்சம் விழவும் ஒன்றுமில்லை.

நாம் கஞ்சர்களாக மாறிவிட்டோம் என்று நான் சொல்ல மாட்டேன். முன்பு நாம் தாராளமாக இருந்தோம் என்பதுதான் சந்தேகம். சில்லறை நமக்காக முடிவெடுத்தது. இப்போது நாமே எடுக்க வேண்டும்: போனைத் திறந்து, பத்து ரூபாய் என்று அடித்து, ரகசிய எண் போட்டு... பத்து ரூபாய்க்கு இவ்வளவு வேலையா என்று தோன்றிவிடுகிறது. உணவு கொண்டுவரும் செயலிகளில் இருபது, முப்பது என்று பொத்தானே வைத்திருக்கிறார்கள், அழுத்துவது சுலபம். வாடகைக் கார் செயலியில் வண்டி வருவதற்கு முன்னாலேயே டிப்ஸ் கேட்டதற்காக ஊபருக்கு 2025 மே மாதம் நுகர்வோர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. சித்தப்பாவிடம் சொன்னேன். "இதுல என்ன புதுசு? எங்க ஓட்டல்ல மீல்ஸ் சாப்பிட வர்ற ஒரு மார்வாடி சேட்டு, இலை போடுறதுக்கு முன்னாடியே ரெண்டு ரூபாயைக் கையில வச்சிடுவாரு. அப்பளம் ரெண்டு விழும்" என்றார்.

வடபழனியில் நான் அடிக்கடி போகும் ஓட்டலில் பீகார் மதுபனிப் பக்கத்திலிருந்து வந்த இளைஞன் ஒருவன் இருக்கிறான். தமிழ் நன்றாகவே வரும், "ற"வும் "ழ"வும்தான் படுத்தும். டிப்ஸ் வருகிறதா என்று கேட்டேன். வயசானவர்கள் மட்டும் தருகிறார்கள் சார் என்றான். அவன் தன் போன் கவருக்குள் சொந்த க்யூஆர் ஒன்றை அச்சிட்டு வைத்திருந்தான். ஆனால் வெளியே காட்டுவதில்லை. பில் தொகையே தவறி அதில் போய்விட்டால் என்னாவது என்று முதலாளி தடை போட்டிருக்கிறாராம். முதலாளி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கல்லாவில் ஒரு டிப்ஸ் டப்பா வைத்திருக்கிறார்கள், மாதக் கடைசியில் பிரிப்பார்கள். அதில் யார் பங்கு எவ்வளவு என்பது சூபர்வைசர் கையில் என்றான். கைகழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசை ஞாபகம் வந்தது.

போன மாதம் சித்தப்பா கண் பரிசோதனைக்காகச் சென்னை வந்திருந்தார். அந்த ஓட்டலுக்கே கூட்டிப்போனேன். சாப்பிடும் நேரம் முழுக்க அவர் கண் இலையில் இல்லை. எந்தக் கையில் எத்தனை தம்ளர் எடுக்கிறார்கள், சாம்பார் வாளியை எந்தப் பக்கம் பிடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். முடித்ததும் தம்ளர்களையெல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி மேசை ஓரத்தில் வைத்தார். மதுபனிப் பையன் அதைப் பார்த்துவிட்டு, "ஐயா ஓட்டல் லைனா?" என்றான். சித்தப்பாவுக்கு முகமெல்லாம் பல்.

பில் 310. நான் கார்டும் போனும் எடுப்பதற்குள் அவர் ஐநூறு ரூபாய்த் தாளோடு கல்லாவில் நின்றார்.

"தம்பி, உடைச்சுக் குடுங்க."

கல்லாவில் இருந்த பையன் இழுப்பறையைத் திறக்கக்கூட இல்லை. "சேஞ்ச் இல்ல பெரியவரே, ஜிபே பண்ணிடுங்க" என்று அட்டையை எங்கள் பக்கம் தள்ளினான். நான்தான் பண்ணினேன். சித்தப்பா மேசைக்குத் திரும்பிப் போய் வேட்டி மடிப்பிலிருந்து இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை எடுத்துத் தட்டில், சோம்புக்குப் பக்கத்தில், சத்தம் வராமல் வைத்தார்.

பையன் தயங்கினான். "ஐயா, இந்த காயின் கடையில வாங்க மாட்டாங்க."

பத்து ரூபாய் நாணயம் அதுவரை பதினான்கு வடிவத்தில் வந்திருந்தது, அத்தனையும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டுக் கடைக்காரர்கள் பலரிடம் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. "பஸ்ல வாங்குவாங்கப்பா, வச்சுக்க" என்றார் சித்தப்பா.

பையன் இரண்டையும் எடுத்துக்கொண்டான். நாங்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, அவன் அதில் ஒன்றை மேசை துடைக்கும் சிறுவனின் சட்டைப் பையில் போடுவதைச் சித்தப்பா கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"பத்துக்கு ஒண்ணுதான் கணக்கு. பாதியக் குடுக்குறானே" என்றார். பேருந்து நிறுத்தம் வரைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்.